‘எல்லாம் கிளவுடில் இருக்கு’ என்பது பதிலாகாது

கணினியில் போட்டோக்களை ஒழுங்குபடுத்த நல்ல மென்பொருள் எது என்று இன்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: அதெல்லாம் பழைய காலம். படம் எடுத்த மறுநிமிடமே அது கிளவுடுக்குப் போய்விடுகிறது. ‘பீச்’ என்று தேடினால் கடற்கரைப் படங்கள் வந்து நிற்கின்றன. முகத்தைத் தொட்டால் அந்த ஆளின் படங்கள் வரிசையாக வருகின்றன. வெளிச்சம் போதவில்லையென்றால் ஒரு தொடுதலில் சரியாகிவிடுகிறது. இதற்கு மேல் கணினி முன் உட்கார்ந்து ஆல்பம் பிரித்துப் பெயர் எழுதுவது வேலையற்றவர் வேலை. கணினிக் கடைக்காரர் இதைச் சொல்கிறார், தொழில்நுட்பப் பக்கம் எழுதுபவர் சொல்கிறார், வீட்டுப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். எதிர்த்துச் சொல்ல ஆளில்லாததாலேயே இது உண்மை போல நிலைத்துவிட்டது.

இது உண்மையல்ல. இதை நம்பி ஒரு தலைமுறை தன் வீட்டுப் படங்களை, பெயரும் ஊரும் தேதியும் இல்லாத குவியலாக அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லப் போகிறது. படங்கள் தொலைவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். படம் அப்படியே இருக்க, அதில் இருப்பவர் யார் என்பது தொலைவதைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை.

முதலில் ‘பழைய காலம்’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள் தாங்களாகவே கணினி மென்பொருளை விட்டுவிட்டு நகர்ந்தார்கள் என்பது இதன் அடிப்படை. நடந்தது அதுவா? பிக்காசாவை நினைத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அந்த மென்பொருளை 2004 ஜூலையில் கூகுள் வாங்கி இலவசமாக்கியது. டிஜிட்டல் கேமரா வாங்கிய நம் வீடுகளில் அதற்குப் பின் பத்தாண்டு காலம் கணினியில் முதலில் நிறுவப்படும் மென்பொருள்களில் அதுவும் ஒன்று. பிரவுசிங் சென்டர் கணினிகளில் இருந்தது. தெருமுனை ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவதற்கும் அதுவே உதவியது. 2009-ல் வந்த 3.5 பதிப்பில் முகங்களைத் தானாகக் கண்டுபிடித்துப் பெயர் கேட்கும் வசதி வந்தது. இதைக் கவனிக்க வேண்டும்: முகத்தை அடையாளம் காணும் வேலையை, எங்கோ உள்ள சர்வர் கூடம் எதுவும் இல்லாமல், வீட்டு மேசையில் இருந்த அன்றைய சாதாரணக் கணினியே செய்தது. இன்று அதற்கு கிளவுட் இருந்தே தீர வேண்டும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு சான்றே போதும்.

அந்த பிக்காசாவை 2016 பிப்ரவரியில் கூகுள் கைவிடுவதாக அறிவித்தது. மார்ச் 15-ஆம் தேதியோடு கணினி மென்பொருளுக்கான ஆதரவு நின்றது. முந்தைய ஆண்டு மே மாதம் தொடங்கிய கூகுள் போட்டோஸ் என்ற ஒரே சேவையில் கவனம் செலுத்தப் போவதாகக் காரணம் சொன்னார்கள். பயன்படுத்தியவர் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்திருந்தவர் எடுத்துக்கொண்டு போனார். ஒரு நிறுவனத்தின் வணிக முடிவைக் காலத்தின் போக்கு என்று நாம்தான் பெயர் மாற்றிக்கொண்டோம்.

சரி, மாறிப் போனவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது? படங்களை 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கிக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020 நவம்பரில் அந்த வாக்கு திரும்பப் பெறப்பட்டது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் ஒவ்வொரு படமும் 15 ஜிபி கணக்கில் சேர்கிறது. அந்த 15 ஜிபியும் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். பேரனின் பிறந்தநாள் வீடியோவால் அந்த இடம் நிறைந்துபோனால் வங்கியிலிருந்து வரும் மின்னஞ்சல் நிற்கும். அதற்கு முன்பே பிளிக்கரில் இதே கதை நடந்திருக்கிறது. 2013-ல் எல்லோருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றது அன்றைய உரிமையாளரான யாஹூ. 2018-ல் அது ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1000 படங்கள்தான், மிஞ்சியவை அழிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. நிறுவனங்களுக்குக் கணக்கு இருக்கிறது, அவர்கள் பார்க்கட்டும். அந்தக் கணக்கின் மேல் நம் தாத்தாவின் படத்தை வைப்பது புத்திசாலித்தனம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. கணினி மென்பொருள் மட்டும் நிலைத்ததா? ஆப்பிளின் அபெர்ச்சர் என்ன ஆனது? உண்மைதான். 2005-ல் வந்த அபெர்ச்சரை 2014-ல் நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது. 2019-ல் வந்த கேட்டலினா இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. அடோபியின் லைட்ரூம் 6, ஒரே முறை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. அதிலிருந்த வரைபடப் பகுதி 2018 நவம்பர் கடைசியில் வேலை செய்வதை நிறுத்தியது. பின்னால் ஓடிய வரைபடச் சேவையின் அனுமதி காலாவதியானதுதான் காரணம். வாங்கியவர் கணினியில் எதுவும் கெடவில்லை.

ஆகவே, கணினியில் இருப்பதெல்லாம் நிலைக்கும், கிளவுடில் இருப்பதெல்லாம் அழியும் என்று நான் வாதிடவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மென்பொருள் செத்த பிறகு நீங்கள் எழுதிய பெயர் எங்கே இருக்கிறது? இதற்கு இரண்டு செத்த மென்பொருள்களே பதில் சொல்கின்றன. பிக்காசாவில் ஒரு படத்தை வெட்டினாலும் நட்சத்திரம் போட்டாலும் முகத்துக்குப் பெயர் கொடுத்தாலும், அந்த விவரம் போல்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கோப்பில் போய் உட்கார்ந்தது. புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ‘பிக்காசா ஐஎன்ஐ’ கோப்பு அது. முகங்களின் பெயர்ப் பட்டியல் கணினியின் வேறொரு மூலையில் இருந்தது. பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதும் வசதி பின்னால் வந்தது, ஆனால் அதைத் தேடிப் போய்ச் சொடுக்கியவர் குறைவு. புதுக் கணினி வாங்கி, படங்களை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துச் சென்ற குடும்பங்கள், மாதக்கணக்கில் உட்கார்ந்து இட்ட பெயர்களை ஒரே நாளில் இழந்தன. மைக்ரோசாஃப்டின் போட்டோ கேலரியும் 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டதுதான். ஆனால் அது முகத்தின் பெயரையும், படத்தில் அந்த முகம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதியது. அந்த மென்பொருள் போன பின்பும், அதில் பெயரிட்ட படத்தை இன்று டிஜிகாம் என்ற வேறொரு மென்பொருளில் திறந்தால் முகத்தைச் சுற்றிக் கட்டமும் பெயரும் வருகின்றன. ஒன்று தன்னோடு எடுத்துக்கொண்டு போனது, இன்னொன்று படத்திடமே விட்டுவிட்டுப் போனது. ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது.

கூகுள் போட்டோஸ் இந்த இரண்டில் எந்த வகை என்பதை, வெளியே வர முயன்றால்தான் தெரிந்துகொள்வீர்கள். டேக்அவுட் என்ற வசதி மூலம் எல்லாப் படங்களையும் இறக்கிக்கொள்ளலாம், மறுக்கவில்லை. இறங்குவது ஜிப் கட்டுகள். பிரித்தால் படத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஜேசன் கோப்பு ஒன்று இருக்கும். நீங்கள் அங்கே எழுதிய விளக்கமும், திருத்திய தேதியும் அந்த ஜேசனுக்குள் இருக்கும். படத்துக்குள் இருக்காது. ஸ்கேன் செய்த பழைய படத்துக்கு 1974 என்று தேதி திருத்தி வைத்திருந்தால், இறக்கிய படத்தில் ஸ்கேனர் போட்ட தேதிதான் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்ட எக்சிஃப்டூல் போன்ற கருவி வேண்டும். கட்டளை வரியில் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்கே அது சாத்தியம். ‘எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இப்போது முக்கியமான வாதத்துக்கு வருகிறேன்: ‘அடுக்கி வைக்கத் தேவையில்லை, தேடினால் கிடைத்துவிடும்.’

தேடல் எதைக் கண்டுபிடிக்கிறது? படத்தில் கண்ணுக்குத் தெரிவதை. கடல், நாய், கேக், சிவப்புப் புடவை, கோபுரம். இவற்றைக் கண்டுபிடிப்பதில் அது வல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் குடும்பப் படத்தின் உயிர் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் இருக்கிறது. யார், யாருக்கு என்ன உறவு, எந்த வீடு, எந்தச் சந்தர்ப்பம், ஏன் அன்று எல்லோரும் கூடினார்கள். இவை பிக்சலில் இல்லை. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

ஸ்கேன் செய்த ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்து, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டபோது நடந்த பேச்சு இது.

“அத்தை, இந்த ஓரத்துல துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறவர் யாரு?”

“அவரா? அவர் மேளக்காரர்டா. உங்க தாத்தாவுக்கு ரொம்ப வேண்டியவர். காசே வாங்க மாட்டேன்னு நின்னுட்டார் அன்னிக்கு.”

“பந்தல் ஏன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?”

“முந்தின ராத்திரி பூரா மழை. விடிய விடிய தூக்கிக் கட்டினாங்க.”

“முன்னாடி தரையில உக்காந்திருக்கிற பொண்ணு?”

“அது நான்தான்.”

முகம் அறியும் நிரலிடம் அதே படத்தைக் கொடுத்தால் பல முகங்களைக் கட்டம் கட்டிக் காட்டும். துண்டு போட்டவரின் வேறு படம் எதுவும் நம்மிடம் இல்லை. ஆகவே அவர் என்றைக்கும் பெயரற்ற ஒரு கட்டம். ஏழெட்டு வயதுப் பெண்ணின் முகத்தையும் எழுபதைக் கடந்த அத்தையின் முகத்தையும் அது ஒன்றென்று சொல்லும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மழை பெய்ததும் காசு வாங்காததும் அதற்கு எட்டவே எட்டாது. அத்தை சொல்லச் சொல்ல விளக்கப் பெட்டியில் தமிழில் தட்டச்சு செய்து, படத்துக்குள் சேமித்தால் மட்டுமே அது இருக்கும். இந்த வேலையைக் கைப்பேசியின் சிறு திரையில் செய்ய முடியாது. பெரிய திரை வேண்டும், விசைப்பலகை வேண்டும், நூறு படங்களை ஒரே வீச்சில் தேர்ந்தெடுத்து ஊர்ப்பெயர் போடும் வசதி வேண்டும், பக்கத்தில் ஒரு நாற்காலியும் வேண்டும். இத்தனையும் கூடும் இடம் மேசைக் கணினிதான்.

தேடல் யாருடைய விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது என்பதும் இருக்கிறது. 2015-ல் கூகுள் போட்டோஸ் கறுப்பின மக்கள் இருவரின் படத்துக்குக் கொரில்லா என்று பெயரிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் செய்த தீர்வு, அந்தச் சொல்லையே தேடலிலிருந்து எடுத்துவிட்டதுதான். 2018-லும் 2023-லும் பத்திரிகையாளர்கள் சோதித்தபோதும் உண்மையான கொரில்லாப் படங்களைக்கூட அது காட்டவில்லை. உங்கள் படத்தில் எதைத் தேடலாம், எதைத் தேடக்கூடாது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்து குவியும் படங்களின் நிலை இன்னும் மோசம். உறவினர் ஒருவர் அனுப்பிய படத்தைத் திறந்து விவரம் பார்த்தால், எந்தக் கேமரா, எப்போது, எங்கே எடுத்தது என்ற எக்சிஃப் தகவல் முழுவதும் துடைக்கப்பட்டிருக்கும். மிஞ்சுவது கோப்பின் பெயர் மட்டும்: ஐஎம்ஜி என்று தொடங்கி, 20190114 என்று எட்டு எண் வந்து, டபிள்யூஏ0003 என்று முடியும். அந்த எட்டு எண்ணும் படம் எடுத்த நாளைக் காட்டுவதில்லை, அது உங்களுக்கு வந்து சேர்ந்த நாள். 1985-ல் எடுத்த படத்தைச் சித்தப்பா 2019 பொங்கலுக்கு முந்தின நாள் அனுப்பினால், கிளவுடின் காலவரிசையில் அது 2019 ஜனவரிக் கோலங்களுக்கு நடுவே போய் நிற்கும். நம் வீடுகளில் பழைய படங்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கை மாறுகின்றன.

படத்துக்குள் எழுதுவது என்று மறுபடி மறுபடி சொல்கிறேன், அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஜேபெக் கோப்பில் படத்தின் புள்ளிகளுக்கு முன்னால், எழுத்துகள் வைப்பதற்கென்றே இடம் உண்டு. அதில் மூன்று வகைக் குறிப்புகள் உட்காரலாம். எக்சிஃப் என்பது கேமரா எழுதுவது. 1995-ல் ஜப்பானிய மின்னணுத் தொழில்துறை வகுத்த தரம் அது. ஐபிடிசி என்பது செய்தி நிறுவனங்கள் தங்களுக்குள் படங்களை அனுப்பிக்கொள்ள வகுத்தது. எக்ஸ்எம்பி என்பது அடோபி 2001-ல் கொண்டுவந்து, 2012-ல் உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ ஏற்றுக்கொண்டது. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். எக்சிஃபின் விளக்கப் பகுதி ஆங்கில எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டது. ஐபிடிசியின் குறிச்சொல் ஒன்றுக்கு 64 பைட்டுதான் இடம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை, மேலே வைக்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. ‘கும்பகோணம்’ என்று எழுதினாலே 30 பைட் போய்விடும். அதோடு தெருப்பெயர் சேர்த்தால் பாதியில் வெட்டுப்படும். எக்ஸ்எம்பியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு பத்தி முழுக்கத் தமிழில் எழுதலாம், எழுத்து சிதையாது.

டிஜிகாமை நான் பரிந்துரைப்பது இதனால்தான். 2001-ல் ரெஞ்சி ராஜு தொடங்கிய மென்பொருள் அது. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் கீழ் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், விலை கிடையாது. நிறுவியவுடன் அமைப்புகளில் மெட்டாடேட்டா பக்கத்துக்குப் போக வேண்டும். குறிச்சொற்கள், தலைப்பும் விளக்கமும், முகக் குறிகள் ஆகியவற்றைப் படத்துக்குள் எழுதச் சொல்லும் கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தால் எல்லாம் டிஜிகாமின் தரவுத்தளத்தோடு நின்றுவிடும், பிக்காசாவில் நடந்ததே இங்கும் நடக்கும். லைட்ரூமிலும் இதே கவனம் வேண்டும்: மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதி அதில் முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. முகம் அறியும் வேலையை டிஜிகாம் உங்கள் கணினிக்குள்ளேயே செய்கிறது, ஒரு முகமும் வெளியே போவதில்லை. இது சிறிய விஷயமல்ல. முகங்களைச் சம்மதமின்றித் தொகுத்ததாக அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், 10 கோடி டாலர் கொடுக்க 2022-ல் கூகுள் ஒப்புக்கொண்டது. அந்த மாநிலத்தில் அப்படியொரு சட்டம் இருந்ததால் அங்குள்ளவர்களுக்கு அது கிடைத்தது.

தேதி விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பழைய படத்துக்கு நாள் தெரியாதபோது ஜனவரி 1 என்று போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அதைப் புத்தாண்டுப் படம் என்றே எடுத்துக்கொள்வார். ‘1962 வாக்கில், பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம்’ என்று விளக்கத்தில் எழுதிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைப்பதும் ஆவணம்தான்.

அடுத்தது, ‘ஒரு தொடுதலில் எடிட்டிங்’. இதில் எனக்குக் கோபமே உண்டு. மங்கிய பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவு தெளிவாக்கித் தருகிறது என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். மங்கலான படத்தில் இல்லாத தகவலை எந்த நிரலும் மீட்க முடியாது. தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமானதாகத் தனக்குத் தோன்றும் கண்ணையும் மூக்கையும் வரைந்து வைக்கிறது, அவ்வளவுதான். 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்ற நிரலிடம் பராக் ஒபாமாவின் கட்டம் கட்டமாகச் சிதைந்த படத்தைக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் திருப்பித் தந்தது. உலகமே அறிந்த முகத்துக்கு அந்தக் கதி. ஒரே ஒரு படம் மட்டுமே மிஞ்சியிருக்கும் உங்கள் கொள்ளுப்பாட்டியின் முகத்தை அது எப்படி மாற்றியது என்று சரிபார்க்க உயிரோடு யார் இருக்கிறார்கள்? மாற்றிய படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். அசல் எங்கோ கிடக்கும். இருபது ஆண்டில் அந்தப் பொய் முகமே பாட்டியின் முகமாகிவிடும்.

கணினியில் நல்ல மென்பொருள் இதற்கு நேர்மாறான ஒழுக்கத்தில் இயங்குகிறது. டார்க்டேபிள் என்ற மென்பொருளில் ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாலும், நிறத்தைத் திருத்தினாலும், ஓரத்தை வெட்டினாலும் அசல் கோப்பின் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. செய்த மாற்றங்களின் பட்டியல் மட்டும் பக்கத்தில் ஓர் எக்ஸ்எம்பி கோப்பில் எழுதப்படுகிறது. நாளை இன்னொருவர் அந்தப் பட்டியலை நீக்கினால் அசல் அப்படியே நிற்கும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி அதே பெயரில் சேமிப்பதால் ஒவ்வொரு முறையும் தரம் குறைகிறது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கைப்பேசியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஓரங்களை வெட்டும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பெண்ணை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுகிறார்கள். முன்னே சொன்ன மேளக்காரர் ஓரத்தில்தான் நின்றார்.

இனி, மறுதரப்பின் வலுவான வாதம். வீட்டில் வைத்தால் வெள்ளம் வரும், ஹார்ட் டிஸ்க் செத்துப்போகும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் ஆல்பங்களும் கணினிகளும் சேற்றில் கிடந்ததைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லும்போது மறுக்க எனக்கு மனமில்லை, மறுக்கவும் இல்லை. வெளியே ஒரு நகல் கட்டாயம் வேண்டும். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். அந்த வேறு இடம் கிளவுடாக இருக்கலாம். தங்கையின் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம். நான் எதிர்ப்பது, நகலாக இருக்க வேண்டியது ஒரே பிரதியாக மாறிவிட்டதைத்தான்.

ஏனென்றால் அந்த ஒரே பிரதியின் கதவு உங்கள் கையில் இல்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, 2021-ல், தன் சிறு மகனின் உடலில் வந்த வீக்கத்தை மருத்துவரிடம் காட்டக் கைப்பேசியில் படம் எடுத்தார். படம் கிளவுடுக்குப் போனது. தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படம் என்று குறித்தது. கணக்கு மூடப்பட்டது. காவல்துறை விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்னது. அதன் பிறகும் கணக்கு திரும்பி வரவில்லை. மகனின் முதல் வருடங்களின் படங்களும் அதற்குள் இருந்தன. நியூயார்க் டைம்ஸ் 2022-ல் இதை விரிவாக வெளியிட்டது.

அவ்வளவு அரிதான சம்பவம்கூட வேண்டாம். எல்லா வீட்டிலும் நடக்கக்கூடியதைப் பார்ப்போம். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அதிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்று கூகுள் கொள்கை வகுத்து, 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. ஒருவர் இறந்துபோகிறார். கைப்பேசியின் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. வருஷாப்திகம் முடிகிறது, அடுத்த வருடத் திதியும் வருகிறது. அதற்குள் யாராவது அந்தக் கணக்குக்குள் நுழையாவிட்டால் அவர் எடுத்த அத்தனை படங்களும் நீக்கப்படக்கூடிய பட்டியலில் வந்துவிடும். நமக்குப் பின் யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே பெயர் கொடுக்கும் ஏற்பாடு கூகுளிலும் உண்டு, ஆப்பிளிலும் உண்டு. நம்மில் எத்தனை பேர் அதைச் செய்து வைத்திருக்கிறோம்? பரணில் கிடக்கும் பழைய கணினியை யாராவது ஒருவர் பத்து ஆண்டு கழித்தும் திறந்து பார்க்க வாய்ப்புண்டு.

‘இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்பது மிஞ்சியிருக்கும் கேள்வி. முப்பதாயிரம் படங்களுக்கும் பெயர் எழுதச் சொல்லவில்லை. அப்படித் தொடங்குபவர்கள் ஒரு வாரத்தில் கைவிடுவார்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டிய படங்கள் எந்த வீட்டிலும் சில நூறுக்குள்தான் இருக்கும். அவற்றை முதலில் எழுதுங்கள். போன வருடம் கோவளத்தில் எடுத்த ஐம்பது அலைகளைக் கிளவுடின் தேடலே பார்த்துக்கொள்ளட்டும்.

நேரமில்லாதவர்களின் சுமையை எளிதில் குறைக்கக்கூடிய ஒரு கூட்டம் நம்மிடையே இருக்கிறது: கல்யாண ஸ்டூடியோக்காரர்கள். இன்று ஒரு கல்யாணம் முடிந்தால் ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட பென் டிரைவ் கைக்கு வருகிறது. உள்ளே இருப்பதெல்லாம் கேமரா போட்ட வரிசை எண். மணமக்கள் பெயர் ஆல்பத்தின் அட்டையில் பொன்னெழுத்தில் இருக்கும், எந்தப் படத்துக்குள்ளும் இருக்காது. இத்தனைக்கும் அவர்களில் பலர் லைட்ரூமில் வேலை செய்கிறார்கள். படங்களை அதற்குள் கொண்டுவரும்போதே மெட்டாடேட்டா முன்வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், மணமக்கள் பெயர், மண்டபம், ஊர் மூன்றும் எல்லாப் படத்திலும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். வெளியே எடுக்கும்போது பதிப்புரிமை மட்டும் போதும் என்ற தேர்வை மாற்றி, எல்லாக் குறிப்பும் வேண்டும் என்று வைத்தால் அவை பென் டிரைவுக்கும் வந்துசேரும். சில நிமிட வேலை. கேட்பவர் இல்லாததால் செய்வதில்லை. ஆல்பத்துக்கு எத்தனை பக்கம், டிரோன் உண்டா என்றெல்லாம் பேசி முன்பணம் கொடுக்கிறோமே, அப்போதே இதையும் கேளுங்கள். பென் டிரைவ் வந்ததும் ஏதாவது ஒரு படத்தை டிஜிகாமில் திறந்து, விளக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.